லேப்டாப்புக்கு லேன் அடாப்டர் வாங்கப் போறவங்க இதைப் படிச்சிட்டுப் போங்க

இப்ப வர்ற மெல்லிசான லேப்டாப் பாதில லேன் கேபிள், அதாவது ரௌட்டர்லேர்ந்து நெட் கொண்டு வர்ற வயர், சொருகுற இடமே இருக்குறதில்ல. வயர் வேணும்னா யுஎஸ்பில ஒரு அடாப்டர் மாட்டித்தான் ஆகணும். இருபது வெள்ளி (மலேசிய ரிங்கிட்) சாமான், வாங்கிச் சொருகினா வேலை முடிஞ்சதுன்னு கடைக்காரங்களும் சொல்றாங்க, ஆபிஸ் ஐடி ஆளுங்களும் சொல்றாங்க. எனக்கு முடியவே இல்ல. அந்தச் சின்ன சாமான்ல ஆரம்பிச்சு கேபிள், வயர்மேன், அலவன்ஸ்னு கிட்டத்தட்ட 600 வெள்ளி போச்சு, தூக்கம் போச்சு, வேலையே போயிடுமோன்னு பயந்த ராத்திரிகளும் இருந்துச்சு. யாராவது ஒருத்தர் முன்னாடியே உக்கார வச்சு சொல்லியிருந்தா இதுல பாதி மிச்சமாயிருக்கும், அதனாலதான் எல்லாத்தையும் ஒண்ணு விடாம எழுதுறேன்.

நான் இருக்குறது கோலாலம்பூர் செந்தூல்ல ஒரு ஃப்ளாட். வீட்டுலேர்ந்தே வெளிநாட்டுக் கஸ்டமருங்களுக்கு கால் எடுக்குற வேலை, சாயங்காலம் ஆரம்பிச்சு நடு ராத்திரி வரைக்கும் ஷிஃப்ட். அம்மாவுக்கு ஒடம்பு சரியில்ல, ராத்திரில தனியா விட்டுட்டுப் போக முடியாது, அதுக்காகவே இந்த வேலையைத் தேடிப் புடிச்சேன். கம்பெனி ரூல் என்னன்னா வைஃபைல வேலை பாக்கக்கூடாது, கண்டிப்பா வயர்ல தான் இருக்கணும், மாசத்துக்கு ஒரு தடவ ஸ்பீட் டெஸ்ட் எடுத்து ஸ்க்ரீன்ஷாட் அனுப்பணும், டவுன்லோட் 100 எம்பிபிஎஸ்ஸுக்கு கீழ இருந்தா அந்த மாசம் 150 வெள்ளி வீட்டு அலவன்ஸ் கட். கால் விட்டு விட்டுப் போகுதுன்னு கம்ப்ளெயின்ட் தொடர்ந்து வந்தா வீட்டு வேலை கேன்சல், ஆபிஸ்க்கு வந்துடணும். எனக்கு அந்தக் கடைசி வரிதான் தலைக்கு மேல தொங்கிட்டே இருந்துச்சு.

அந்த ரூல்ல நியாயம் இருக்குங்க, அதையும் சொல்லிடறேன். எங்க ப்ளாக்ல வைஃபை லிஸ்ட்டத் தொறந்தா ஸ்க்ரோல் பண்ணப் பண்ண வந்துட்டே இருக்கும், அத்தன வீடு. வைஃபை ஓடுற 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைல ஒண்ணோட ஒண்ணு மோதாத சேனல் 1, 6, 11ன்னு மூணே மூணுதான், மொத்த ப்ளாக்கும் அந்த மூணுலதான் முட்டிக்குது. ராத்திரி எட்டு மணிக்கு மேல எல்லாரும் டிவி பாக்க ஆரம்பிச்சா கால்ல குரல் தண்ணிக்குள்ளேர்ந்து பேசுற மாதிரி ஆயிடும். பேசுறதுக்கு ஸ்பீட் ஒண்ணும் பெருசா தேவையில்ல, ஒரு கால்க்கு 100 கேபிபிஎஸ் இருந்தாலே போதும், ஆனா அது விடாம சீரா வரணும், அந்த சீரு வைஃபைல கெடைக்காது. அதனால வயர்மேன் ஒருத்தரக் கூப்ட்டு ஹால்ல இருக்குற ரௌட்டர்லேர்ந்து பின் ரூம் வரைக்கும் செவுத்து ஓரமா கேபிள் இழுத்தேன், 120 வெள்ளி. கேபிளுக்கு நல்லா வெள்ளைக் கேசிங் எல்லாம் போட்டு அழகா செஞ்சு குடுத்தாரு. உள்ள என்ன பண்ணி வச்சிருந்தாருன்னு பின்னாடி சொல்றேன்.

அடாப்டர் ஆன்லைன்ல 19 வெள்ளி 90 சென்னுக்கு வாங்கினேன். விளம்பரத்துல யுஎஸ்பி 3.0, கிகாபிட் (அதாவது 1000 எம்பிபிஎஸ்), டிரைவர் (அதை ஓட்ட கம்ப்யூட்டர்ல போடுற சாஃப்ட்வேர்) வேணாம், சொருகினா ஓடும்னு கொட்ட எழுத்துல போட்டிருந்துச்சு, ரிவ்யூவும் ஆயிரக்கணக்குல நல்லா இருந்துச்சு. வந்துச்சு, சொருகினேன், நெட் வரல. அதுக்குப் பதிலா கம்ப்யூட்டர்ல புதுசா ஒரு சிடி டிரைவ் தெரியுது, அதோட கம்பெனி பாதுகாப்பு சாஃப்ட்வேர் செவப்பா ஒரு மெசேஜ் காட்டுது, வெளி ஸ்டோரேஜ் தடை செய்யப்பட்டதுன்னு. எனக்குக் கை நடுங்கிருச்சு, வைரஸ் கிய்ரஸ் வந்துருச்சோன்னு. விஷயம் என்னன்னா, வெல கம்மியான சில அடாப்டர் உள்ளயே டிரைவர வச்சு அனுப்புறாங்க, மொத தடவ சொருகுறப்ப அது தன்னை ஒரு சிடி மாதிரி காட்டிக்கும், அதுக்குள்ள இருக்குற டிரைவர இன்ஸ்டால் பண்ணாத்தான் நெட்வொர்க் கார்டா மாறும். சொந்த லேப்டாப்னா ரெண்டு க்ளிக்ல முடிஞ்சிரும். ஆபிஸ் லேப்டாப்ல பென்டிரைவ், சிடி எல்லாத்தையும் பூட்டி வச்சிருப்பாங்க, இன்ஸ்டால் பண்ற உரிமையும் நம்மகிட்ட இருக்காது, அப்ப அந்த அடாப்டர் சிடியாவே உக்காந்துட்டு இருக்கும். ஐடிக்கு டிக்கெட் போட்டு, அவங்க கேள்வி கேட்டு, நான் போட்டோ எடுத்து அனுப்பி, அவங்க உள்ள வந்து போட்டுக் குடுக்குறதுக்குள்ள ஒரு வாரம் ஓடிப்போச்சு, அந்த வாரம் முழுக்க வைஃபைலயே கால் எடுத்து திட்டு வாங்கினேன். ஆபிஸ் லேப்டாப் வச்சிருக்கவங்க வாங்குறதுக்கு முன்னாடியே உங்க ஐடிகிட்ட எந்த சிப் அடாப்டர் இதுல டிரைவர் இல்லாம ஓடும்னு கேட்டு, பதில எழுத்துல வாங்கிக்கங்க.

சரி ஓட ஆரம்பிச்சுச்சு, ஸ்பீட் டெஸ்ட் போட்டேன், 94. திரும்பப் போட்டேன், 94. காலைல, மத்தியானம், நடு ராத்திரின்னு மாத்தி மாத்திப் போட்டாலும் 93, 94, அதைத் தாண்டவே இல்ல. எங்க வீட்டு பிளான் 300, அதே ரூம்ல ஃபோன் வைஃபைல 200க்கு மேல காட்டுது, வயர்ல 94. கம்பெனி கேக்குறது 100. ஆறு எம்பிபிஎஸ் பத்தாம அந்த மாசம் 150 வெள்ளி போச்சு. சூப்பர்வைசர்கிட்ட கெஞ்சிப் பாத்தேன், சிஸ்டம்ல ஃபெயில்னு வந்துருச்சு, நான் ஒண்ணும் பண்ண முடியாதுன்னுட்டாங்க. அன்னிக்கு பாத்ரூம்ல தண்ணியத் தொறந்து விட்டுட்டு அழுதேன், அம்மாவுக்குக் கேக்கக்கூடாதுன்னு.

இந்த 94ங்குற நம்பர நல்லா ஞாபகம் வச்சுக்கங்க, வேற யாருக்காவது கண்டிப்பா உதவும். உங்க பிளான் எவ்வளவு பெருசா இருந்தாலும் டெஸ்ட்ல 94, 95லயே நின்னுச்சுன்னா நெட்டு ஸ்லோன்னு அர்த்தம் இல்ல, நடுவுல எங்கயோ ஒரு எடத்துல லைன் 100க்கு பேசி ஒத்துக்கிட்டிருக்குன்னு அர்த்தம். 100 எம்பிபிஎஸ் லைன்ல பாக்கெட்டோட முன்னும் பின்னும் ஒட்டிட்டு வர்ற சங்கதிக்கே கொஞ்சம் போயிடும், மிச்சம் நமக்குத் தெரியுறது 94 சொச்சம். அதே கணக்குல கிகாபிட் லைன்ல அதிகபட்சம் 940 சொச்சம் தெரியும். விண்டோஸ்ல செட்டிங்ஸ் தொறந்து நெட்வொர்க், அதுல ஈதர்நெட்ட அமுக்கினா லிங்க் ஸ்பீட்னு ஒரு வரி இருக்கும், 100/100 இல்ல 1000/1000ன்னு. ஸ்பீட் டெஸ்ட்டுக்கு முன்னாடி அதைத்தான் பாக்கணும். அது இன்டர்நெட் கம்பெனியோட நம்பர் கிடையாது, உங்க அடாப்டருக்கும் ரௌட்டருக்கும் நடுவுல உள்ள நம்பர், அதனால அது 100ன்னு இருக்குறப்ப இன்டர்நெட் கம்பெனிக்கு ஃபோன் பண்ணி லைன்ல காத்துக்கிட்டு கெடக்குறதுல பிரயோஜனமே இல்ல. நான் காத்துக் கெடந்தேன், அங்க பேசின தம்பியும் ரௌட்டர ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்கக்கான்னுதான் சொல்லிட்டு இருந்தாரு.

அப்புறம் விண்டோஸ்ல மாட்டியிருக்குற சாமான் பேரெல்லாம் காட்டுற டிவைஸ் மேனேஜர்ல அடாப்டர் பேரப் பாத்தேன். ரியல்டெக் யுஎஸ்பி எஃப்இ ஃபேமிலி கன்ட்ரோலர்னு இருந்துச்சு. எஃப்இன்னா ஃபாஸ்ட் ஈதர்நெட், அதாவது 100. கிகாபிட்னா அதே எடத்துல ஜிபிஇன்னு வரணும். சிப் நம்பர்ல சொன்னா 8152 வந்தா 100, 8153 வந்தா கிகாபிட், 8156ன்னா 2.5 கிகாபிட். ஏசிக்ஸ்னு இன்னொரு கம்பெனி சிப் இருக்கு, அதுல 88772 வந்தா 100, 88179 வந்தா கிகாபிட். ஆக விக்கிறவன் 100 சிப்ப வச்சு கிகாபிட்னு அட்ட ஒட்டி வித்திருக்கான். இதைக் கம்ப்யூட்டர்ல மாட்டாமயே ஓரளவு கண்டுபிடிக்கலாம்: யுஎஸ்பி முனைய வெளிச்சத்துல புடிச்சு உள்ள பாருங்க. முன்னாடி வரிசைல தட்டையா நாலு பட்டை இருக்கும், நிஜ யுஎஸ்பி 3.0ன்னா அதுக்குப் பின்னாடி உள்ள தள்ளி இன்னும் சின்னதா அஞ்சு இருக்கும், மொத்தம் ஒம்போது. என்னோடதுல பிளாஸ்டிக் மட்டும் நல்லா நீலமா இருந்துச்சு, உள்ள பட்டை நாலுதான். நீலக் கலர் போடுறதுக்கு யாரும் காசு கேக்கப் போறதில்லையே. டைப்-சி முனைல இந்த மாதிரி கண்ணால பாத்து சொல்ல முடியாது, அங்க சிப் பேரு ஒண்ணுதான் ஆதாரம்.

விக்கிறவங்களுக்கு மெசேஜ் போட்டா, “சிஸ், கேபிள மாத்துங்க, கேட் 6 ரகக் கேபிள் வாங்குங்க”ன்னு பதில் வருது. டிவைஸ் மேனேஜர் ஸ்க்ரீன்ஷாட்ட அனுப்பினதும் பதிலே நின்னுபோச்சு. அதுக்குள்ள ரிட்டர்ன் நாளும் தாண்டிருச்சு, ஐடி டிக்கெட்லயே அந்த நாளெல்லாம் கரைஞ்சிருந்துச்சு. வந்த அன்னிக்கே, பாக்ஸ் பிரிக்குறதுலேர்ந்து லிங்க் ஸ்பீட் காட்டுற வரைக்கும் ஒரே வீடியோவா எடுத்து வச்சுக்கங்க, ஆபிஸ் லேப்டாப் வேலைக்கு ஆகலன்னா பக்கத்து வீட்டு லேப்டாப்லயாவது மாட்டிப் பாத்துருங்க. பெரிய தொகைன்னா இங்க பயனீட்டாளர் தீர்ப்பாயம் இருக்கு, 1999 சட்டத்துல வந்தது, மனு போட 5 வெள்ளிதான், வக்கீல் தேவையில்ல, 50,000 வெள்ளி வரைக்கும் கேக்கலாம். என் இருபது வெள்ளிக்கு நான் போகல, லீவு போட்டா அதைவிட ஜாஸ்தி போயிடும். ஆனா லேப்டாப், டிவி மாதிரி சாமான்ல ஏமாந்தவங்க விட்டுடாதீங்க.

பக்கத்து வீட்டு அண்ணன் நல்ல மனசோட ஒரு யோசனை சொன்னாரு, ரௌட்டர விட்டுட்டு ஃபைபர் வர்ற பெட்டில நேரா லேப்டாப்ப சொருகிப் பாரும்மான்னு. நம்ம ஊர் யூனிஃபை மாதிரி ஃபைபர் இன்டர்நெட் லைன்ல அது சும்மா ஓடாது, இன்டர்நெட் வர்றது விஎல்ஏஎன் 500ன்னு நம்பர் போட்ட தனிப் பாதைல, அதுக்கு மேல பிபிபிஓஇங்குற முறைல உள்ள நுழைய யூசர்நேம் பாஸ்வேர்ட் வேற போடணும், அதையெல்லாம் செஞ்சு குடுக்குறது ரௌட்டர்தான். நேரா சொருகினா 169.254ன்னு ஆரம்பிக்கிற ஒரு அட்ரஸ் வரும், எங்கேர்ந்தும் ஐபி கெடைக்கலன்னா விண்டோஸ் தானா போட்டுக்குற அட்ரஸ் அது. அதைப் பாத்துட்டு அடாப்டர் கெட்டுப்போச்சுன்னு குப்பைல போட்டவங்களும் இருக்காங்க.

அடுத்தது லோ யாட், கம்ப்யூட்டர் சாமான் விக்கிற பெரிய கடைக் கட்டடம். செந்தூல்ல எல்ஆர்டி ஏறி ஹங் துவால மோனோரயில் மாறி இம்பில இறங்கினா நடந்துடலாம். இந்தத் தடவ கடைல வச்சே டெஸ்ட் பண்ணித்தான் வாங்குறதுன்னு லேப்டாப்ப தூக்கிட்டே போனேன். ஒரு சின்னக் கடை, சீனப் பையன், கேட்ட ஒடனே “போலே காக், ட்ரை டுலு” (முடியும்க்கா, மொதல்ல போட்டுப் பாருங்க)ன்னு மலாய்ல சொல்லி அவன் கடை கேபிளையே எடுத்துக் குடுத்தான். சொருகினதும் ஜிபிஇ, 1000/1000, சிடி கிடி எதுவும் வரல. 65 வெள்ளி, ஒரு வருச வாரண்டி, ரசீதுல சிப் பேரையும் எழுதித் தரச் சொன்னேன், எழுதிக் குடுத்தான். அன்னிக்கு மோனோரயில்ல வர்றப்ப அவ்வளவு நிம்மதி.

வீட்டுக்கு வந்து சொருகினா 100/100.

அந்த நேரத்துல எனக்கு வந்த கோவத்த எழுத்துல எழுத முடியாது. கடைல ஒரு மணி நேரத்துக்கு முன்னாடி 1000 காட்டின அதே அடாப்டர், அதே லேப்டாப். அப்படின்னா மிச்சம் இருக்குறது கேபிளும் ரௌட்டரும்தான். ரௌட்டர் பெட்டியோட வந்த ஒரு மீட்டர் குட்டி கேபிள் டிராயர்ல இருந்துச்சு, லேப்டாப்ப ஹாலுக்குத் தூக்கிட்டுப் போய் அதுல சொருகினேன், 1000. பின் ரூமுக்கு வந்து செவுத்துக் கேபிள்ல சொருகினேன், 100. அந்தக் கேபிள் முனைய டார்ச் அடிச்சுப் பாத்தேன். கண்ணாடி மாதிரி இருக்குற அந்த பிளக்குக்குள்ள எட்டு வயர் வரிசையா தெரியணும். என்னோடதுல ஆரஞ்சு ஜோடியும் பச்சை ஜோடியும் மட்டும் போயிருக்கு, நீலமும் பிரவுனும் தோலோட சேத்து ஒட்ட வெட்டிவிட்டிருக்கு. 100 எம்பிபிஎஸ்ஸுக்கு நாலு வயர் போதும், 1, 2, 3, 6ன்னு அந்த நாலு பின்தான். கிகாபிட்டுக்கு எட்டும் வேணும், மிச்ச நாலுல ஒண்ணு அறுந்தாலும் பெரும்பாலும் சத்தமில்லாம 100க்கு எறங்கிடும், நெட் ஓடிட்டே இருக்குறதால யாருக்கும் சந்தேகமே வராது. வயர்மேனுக்கு ஃபோன் பண்ணினா, எல்லாருக்கும் இப்படித்தான்மா போடுறேன், யாரும் கம்ப்ளெயின்ட் பண்ணலன்னாரு. வேற ஒருத்தர வச்சு அந்தக் கேபிள உருவிட்டு புதுசு போட்டேன், 90 வெள்ளி. அதுக்குள்ள அடுத்த மாச டெஸ்ட் தேதியும் போயிருந்துச்சு, இன்னொரு 150.

பழைய கேபிள வெட்டி உள் கம்பிய கத்தியால சுரண்டிக் காமிச்சாரு புது ஆளு, மேல செம்புக் கலரு, சுரண்டினா உள்ள வெள்ளி மாதிரி பளபளன்னு அலுமினியம். அலுமினியத்துக்கு மேல லேசா செம்பு பூசின கேபிள் அது, ரெண்டு மூணு தடவ மடக்கினா ஒடைஞ்சிரும். சுத்த செம்பான்னு கேட்டு வாங்குங்க. கேட் 5இ போதும், 100 மீட்டர் வரைக்கும் கிகாபிட் தாங்கும், ஃப்ளாட்டுக்கு கேட் 7, கேட் 8ன்னு காசு போட வேணாம். வயர்மேன் கெளம்புறதுக்கு முன்னாடி லேப்டாப்ப சொருகி 1000ன்னு காட்டின அப்புறம் காசு குடுங்க.

ஸ்பீட் வந்துருச்சு, 290க்கு மேல. ஆனா கால் நடுவுல கட் ஆகுறது நிக்கல. நல்லா போயிட்டு இருக்கும், திடீர்னு அடாப்டரே காணாமப் போயிட்டு சில செகண்ட்ல திரும்ப வரும். ஒரு வயசான அம்மா அவங்க கணக்குல காசு போயிருச்சுன்னு அழுதுகிட்டே பேசிட்டு இருந்தாங்க, அப்ப கட் ஆச்சு. திரும்பக் கூப்பிட எங்களுக்கு அனுமதி இல்ல. அந்தக் குரல் ரொம்ப நாளைக்கு மனசுல கெடந்துச்சு. இதுக்கு ரெண்டு காரணம் இருந்துச்சு. ஹெட்செட், வெப்கேம், அடாப்டர் மூணையும் தனியா கரண்ட் இல்லாத ஒரே யுஎஸ்பி ஹப்ல மாட்டியிருந்தேன், அடாப்டர எடுத்து நேரா லேப்டாப்ல மாட்டினதும் பாதி கொறைஞ்சுது. மிச்சப் பாதி விண்டோஸ் பவர் சேவிங். டிவைஸ் மேனேஜர்ல அடாப்டரத் தொறந்தா பவர் மேனேஜ்மென்ட்னு ஒரு பக்கம், அதுல கரண்ட் மிச்சம் பண்ண இந்த டிவைஸ ஆஃப் பண்ணலாம்னு டிக் போட்டிருக்கும், அதை எடுக்கணும். அட்வான்ஸ்ட்ங்குற பக்கத்துல எனர்ஜி எஃபிஷியன்ட் ஈதர்நெட்னு கரண்ட் மிச்சம் பண்ற இன்னொரு வசதியையும் ஆஃப் பண்ணிட்டாங்க. ஐடி உள்ள வந்து இந்த ரெண்டையும் செஞ்சு குடுத்த அப்புறம் இன்னி வரைக்கும் ஒரு கட் இல்ல.

இன்னும் ரெண்டு சின்ன விஷயம். புது அடாப்டர் மாட்டினதுலேர்ந்து வயர் இல்லாத மவுஸ் திக்கித் திக்கி நகர ஆரம்பிச்சுது. யுஎஸ்பி 3.0 ஓடுறப்ப 2.4 கிகாஹெர்ட்ஸ்ல எரைச்சல் கெளப்பும், இன்டெல் கம்பெனியே 2012ல இதைப் பத்தி எழுதியிருக்காங்க. மவுஸோட குட்டி ரிசீவர லேப்டாப்போட எதிர்ப் பக்கத்துல இருக்குற ஓட்டைக்கு மாத்தினதும் சரியாயிடுச்சு. இன்னொண்ணு, மீட்டிங்குக்கு ஆபிஸ் போனப்ப அங்க மேசைல இருக்குற லேன்ல சொருகினா எதுவும் வரல. அங்க பதிஞ்சு வச்ச மேக் அட்ரஸ (ஒவ்வொரு நெட்வொர்க் கார்டுக்கும் இருக்குற தனி நம்பர்) மட்டும்தான் உள்ள விடுவாங்களாம், அந்த நம்பர் லேப்டாப்போடது இல்ல, அடாப்டரோடது, பழைய அடாப்டர் நம்பரத்தான் பதிஞ்சு வச்சிருந்தாங்க. அடாப்டர் மாத்தினா ஆபிஸ், காலேஜ் ஹாஸ்டல் மாதிரி எடத்துல புது நம்பரச் சொல்லிடணும், பொதுவா அது அடாப்டர் அடிலயே அச்சடிச்சிருக்கும்.

போன 300 வெள்ளி அலவன்ஸ கேட்டு எச்ஆருக்கு மெயில் போட்டேன், டிக்கெட் தேதி, ஸ்க்ரீன்ஷாட், லோ யாட் ரசீது எல்லாத்தையும் இணைச்சு. ரெண்டாவது மாசத்துக்கு மட்டும் பாதி குடுத்தாங்க. அதோட இப்ப புதுசா வீட்டு வேலைக்கு சேர்றவங்களுக்கு எந்த சிப் வாங்கணும்னு ஐடியே ஒரு லிஸ்ட் அனுப்புது, நான் கேட்டுக் கேட்டுத்தான் அது வந்துச்சு. உங்க கம்பெனில அப்படி ஒரு லிஸ்ட் இல்லன்னா நீங்களும் கேளுங்க, ஒரு தடவ பதில் வரலன்னா திரும்பக் கேளுங்க.